கையை விடாத சுண்ணாம்பு

செண்பகவல்லிக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. கிருமியைக் கொல்ல ஒரு கசப்பு மாத்திரையும் நெஞ்செரிச்சலுக்கு ஒரு சுண்ணாம்பு மாத்திரையும் கையில் இருந்தன. ஒரே வாய்த் தண்ணீரில் வேலை முடியட்டும் என்று இரண்டையும் சேர்த்தே விழுங்கினாள்.

வயிற்றின் புளிப்பு வெள்ளத்தில் கசப்பு மாத்திரை தத்தளித்தது. சுண்ணாம்பு மாத்திரை நீந்தி வந்து அதன் கையைப் பிடித்துக்கொண்டது.

"பயப்படாதே கண்ணு, நான் இருக்கேன்ல."

கசப்பு மாத்திரைக்கு அழுகையே வந்துவிட்டது. அதுவரை அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் முகத்தைத்தான் சுளித்திருக்கிறார்கள்.

குடலின் சுவரில் ஒரு சின்ன வாசல் இருந்தது. அதைத் தாண்டினால் ரத்தம்.

"கை கோத்துக்கிட்டு வந்தா உள்ளே நுழைய முடியாது. தனித்தனியா வாங்க," என்றது வாசல்.

"கொஞ்சம் கையை விடேன். அந்தப் பொண்ணு காய்ச்சல்ல கிடக்கிறா," என்றது கசப்பு மாத்திரை.

"உள்ளே எப்படிப்பட்டவங்க இருக்காங்களோ! உன்னைத் தனியா அனுப்பிட்டு நான் எப்படி நிம்மதியா இருப்பேன்?" சுண்ணாம்பு பிடியை இறுக்கியது.

அவ்வளவு பாசமான கையை உதறக் கசப்பு மாத்திரைக்கு மனம் வரவில்லை. வழியில் இருந்த வாசல்கள் எல்லாம் அதையேதான் சொல்லின. கடைசி வாசலும் பின்னால் போனது. கழிவோடு கழிவாக இரண்டும் வெளியே வந்து விழுந்தன.

"பார்த்தியா? கடைசிவரைக்கும் உன்னை நான் விடவே இல்லை," என்றது சுண்ணாம்பு.

கசப்பு மாத்திரை அண்ணாந்து பார்த்தது. மேலே செண்பகவல்லி காய்ச்சல் தணியாமல் நடுங்கியபடி சுவரைப் பிடித்து எழுந்தாள். அடுத்த வேளை மாத்திரைகள் இரண்டையும் சேர்த்து விழுங்கப் போனாள்.