எண்பதில் வரும் நடுக்கம்

வேகம் எண்பதைத் தொட்டால் போதும், கலைச்செல்வனின் பழைய பிக்கப் குளிர்காய்ச்சல் கண்டதுபோல நடுங்கியது. பெரம்பலூர் மெக்கானிக் தௌஃபீக் சக்கரத்தின் விளிம்பில் எடையைச் சமன்செய்யும் ஈயக்கட்டி அடித்து நான்கு முறை சரிசெய்துவிட்டார். அரியலூர் வீட்டுக்குப் போன மறுநாளே பழையபடி ஆட்டம்.

ஐந்தாம் முறையும் அடித்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அல்லாஹ்வுக்கே வெளிச்சம் தம்பி! இனியும் ஆடுச்சுன்னா அறுபதுலயே ஓட்டுங்க."

"அறுபதா? டிராக்டர்காரன்லாம் முந்திட்டுச் சிரிப்பாண்ணே!"

"கல்யாணமான நாள்லேர்ந்து நானும் அதத்தான் சொல்றேன்," என்றாள் மனைவி வெற்றிச்செல்வி, வழியெல்லாம் பக்கத்து இருக்கையில் கண்ணை இறுக மூடி உட்கார்ந்து வந்த களைப்போடு.

"நீ சொன்னா வண்டி கேக்குமாடி?"

ஆட்டமே இல்லாமல் தொண்ணூறில் வீடு வந்து சேர்ந்தான்.

அவன் குளிக்கப் போனதும், வெற்றிச்செல்வி திருப்புளியோடு சக்கரத்தருகே குந்தினாள். ஐந்தாவது ஈயக்கட்டியும் கடுகு டப்பாவுக்குள் விழுந்தது.