ரெட்டைத் தையல்

"ஆறு புக்கும் போச்சும்மா. நேத்து சாயந்தரமே ஒரே ஆளு வாங்கினு போய்ட்டாங்க."

ஆம்பூர் பஸ் ஸ்டாண்ட் புத்தகக் கடைக்காரர் சொன்னதும் எழிலரசிக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அவள் எழுதிய முதல் கதை அந்த வார இதழில் வந்திருந்தது. ஒரே ஆள் ஆறு பிரதி! எப்பேர்ப்பட்ட ரசிகரோ!

யார் என்று கேட்கக்கூடத் தோன்றாமல் ஷூ கம்பெனிக்கு ஓடினாள்.

அங்கே அவளுக்கு செக்கிங் வேலை. தைத்து வரும் தோலில் குறை இருந்தால் வெள்ளிப் பேனாவால் வட்டம் போட வேண்டும். பிறர் குறையைப் பார்த்துப் பார்த்தே பத்து வருஷம் ஓடிவிட்டது. ஆறு மாசமாகத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் கதை வகுப்புக்குப் போகிறாள்.

"பக்கத்துல இருக்கறவங்க வலியைப் பாருங்க. பேரை மட்டும் மாத்திடுங்க, போதும்" என்பார் வகுப்பு எடுக்கும் ஜெயசீலன் சார்.

பக்கத்தில் வலிக்கா பஞ்சம்? தையல் மிஷினில் வஹீதா இருந்தாளே.

அவள் தைத்ததை ஆள் நம்பர் பார்க்காமலே எழிலரசி சொல்லிவிடுவாள். தையல் முடிகிற இடத்தில் எல்லாரும் ஒரு தடவை பின்னால் ஓட்டி நிறுத்துவார்கள். வஹீதா மட்டும் இரண்டு தடவை. "பிரிஞ்சிடக் கூடாதுக்கா" என்பாள்.

வஹீதாவின் புருஷன் துபாய் போய் ஐந்து வருஷம். இரண்டு வருஷமாகப் பேச்சே இல்லை. அங்கேயே வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான். பத்தாவது படிக்கும் மகள் ஃபிர்தௌஸுக்கு அது தெரியாது. பாலைவனத்தில் வேலை, அங்கே போன் எடுக்காது என்று சொல்லி வைத்திருந்தாள்.

ரம்ஜான் வந்தால் ஒரு நாள் லீவு போட்டு வேலூர் போவாள் வஹீதா. பேரீச்சம்பழம், சென்ட், மகளுக்கு ஒரு துணி. எல்லாவற்றையும் கட்டி, மேலே வெள்ளைத் துணி வைத்துத் தைத்து, ஓர் ஆட்டோக்காரரிடம் கொடுத்தனுப்புவாள். துபாயிலிருந்து வந்த யாரோ கொடுத்ததாக அவர் வீட்டில் சேர்ப்பார். மகளோடு உட்கார்ந்து தானும் ஆச்சரியப்பட்டுக்கொண்டே பிரிப்பாள்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் இதைச் சொல்லி, டிபன் பாக்ஸ் மேலேயே அழுதாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதக்கா. பொண்ணுக்குத் தெரிஞ்சா உடைஞ்சிடுவா."

எழிலரசி யாரிடமும் சொல்லவில்லை. எழுதினாள்.

வஹீதாவை விஜயகுமாரி ஆக்கினாள். துபாயை சிங்கப்பூர் ஆக்கினாள். பார்சலை மட்டும் மாற்ற மனசு வரவில்லை. கதையே அதில்தானே இருக்கிறது! 'எதுவும் அறியாத மகள் அந்தப் பார்சலைக் கட்டிப்பிடித்தபடி தூங்கிப்போனாள்' என்று முடித்திருந்தாள். அந்தக் கடைசி வரிக்கு வகுப்பே கைதட்டியது.

மனசு கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் வஹீதாவுக்குப் படிக்கத் தெரிந்தது உருது மட்டும்தான். அப்புறம் என்ன பயம்?

"அக்கா!" வஹீதா மிஷினை விட்டு எழுந்தே வந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. "உன் கதை வந்துடுச்சாமே? என்கிட்ட சொல்லவே இல்ல பாத்தியா!"

"அது... சின்னக் கதைதான் வஹீதா."

"எனக்குத்தான் தமிழ் படிக்க வராதே. ஃபிர்தௌஸை வாங்கினு வரச் சொன்னேன், அவ படிச்சா கேக்கலாம்னு. தீர்ந்துபோச்சுன்னு வந்துட்டா. உன்கிட்ட இருந்தா ஒண்ணு குடேன். இன்னைக்கு உக்கார வெச்சுப் படிக்கச் சொல்றேன்."

மகள் படிப்பாள் என்று எழிலரசிக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று?

"எனக்கே இன்னும் வரலை" என்றாள். பொய் இல்லை. ஆனாலும் வஹீதாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

அன்று முழுக்க ஒரு குறையும் அவள் கண்ணில் படவில்லை. ஆறையும் வாங்கிப்போன அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே இருந்தாள்.

சாயந்தரம் கம்பெனி கேட்டைத் தாண்டியதும் யாரோ கையைப் பிடித்தார்கள்.

புர்காவில் ஃபிர்தௌஸ். தோளில் ஸ்கூல் பை.

"அம்மி வர்றதுக்குள்ள பேசணும் ஆன்ட்டி."

பையைத் திறந்து காட்டினாள். உள்ளே அந்த வார இதழ். ஆறு பிரதி.

"பாப்பா... பேரெல்லாம் மாத்திட்டேன்மா..."

"பார்சலை மாத்தலையே ஆன்ட்டி."

எழிலரசி அழுதுவிட்டாள். ரோடு என்றும் பார்க்கவில்லை. ஒரு குழந்தையின் அப்பாவைத் தானே பிடுங்கி எறிந்துவிட்டதுபோல் இருந்தது.

"மன்னிச்சிடு கண்ணு. உன் மனசை உடைச்சிட்டேன்."

"அழாதீங்க. உங்களுக்கு வர்ற புக்கை மட்டும் அம்மிகிட்ட காட்டிடாதீங்க. இந்தக் கதையை அவங்க கேக்கவே கூடாது. ரொம்பக் கேட்டாங்கன்னா, வேற ஏதாவது கதையை நானே படிக்கிற மாதிரி சொல்லிடறேன்."

"உங்கம்மா உனக்குத் தெரியக் கூடாதுன்னுதானே இத்தனை நாளா..."

ஃபிர்தௌஸ் பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"கதை நல்லா இருக்கு ஆன்ட்டி. முடிவு ஒண்ணுதான் தப்பு. அந்தப் பொண்ணுக்கு எதுவும் தெரியாதுன்னு எழுதிட்டீங்க."

கேட்டில் வஹீதாவின் தலை தெரிந்தது. ஃபிர்தௌஸ் அம்மாவைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டியபடியே, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"துபாய்ல யாரு ஆன்ட்டி, முடியற எடத்துல ரெண்டு தடவை ஓட்டித் தைப்பாங்க?"