கத்திய இடம்

கல்யாணமான புதிதில் தியேட்டரில் பார்த்த பேய்ப் படத்தை, இருபது வருஷம் கழித்து மனைவி, மகளோடு வீட்டில் போட்டுப் பார்த்தார் போஸ்ட்மேன். இப்போது பேயைப் பார்த்தால் சிரிப்புதான் வந்தது.

“இதுக்கா உங்கம்மா தியேட்டரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினா!” என்றார் மகளிடம். சொந்தக்காரர்களிடமெல்லாம் அவர் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை அது.

“நான் பேயைப் பார்த்துக் கத்தலைங்க,” என்றாள் மனைவி. “இதோ, இந்த இடத்துலதான் கத்தினேன்.”

படத்தில், கணவன் தன் மனைவியை வீட்டுக்குள் வைத்து வெளியே பூட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

“அன்னைக்குக் காலையிலதான் நீங்களும் என்னை முதல் தடவையா அப்படிப் பூட்டிட்டுப் போனீங்க.”

மகள் மெதுவாக அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

அதற்கப்புறம் பேய் எத்தனை தடவை வந்து போனதோ, அவருக்குத் தெரியாது. குனிந்த தலையை அவர் நிமிர்த்தவே இல்லை.