வாத்தியார் கேட்ட பெண்

"யாருப்பா நீ? இந்தப் பக்கம் எதுக்கு வந்தே?"

கேட்டவர் அயாகேமே. பெண்ணின் தாய்மாமன். தலையில் வட்டத் தொப்பி, கையில் வெள்ளிப் பூண் போட்ட தடி. வந்தவரை நன்றாகத் தெரிந்திருந்தாலும் இன்றைக்குத் தெரியாத மாதிரிதான் கேட்க வேண்டும். நைஜீரியாவின் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் இஜாவ் மக்களின் வீடுகளில் பெண் கேட்கும் முறை அது. அயாகேமே அதைக் கொஞ்சம் அனுபவித்தே செய்தார்.

இனாத்திமி எழுந்து நின்றார். முதுகில் வியர்வை வழிந்தது. மதியத்துக்குள் மாமாவின் வாயிலிருந்து 'சரி' என்ற சொல் வந்தாக வேண்டும். வராவிட்டால், ஊரே கூடியிருக்கும் இந்த நாளில் அவருடைய மானம் கப்பலேறிவிடும்.

"நான் இனாத்திமி, ஐயா. உங்க வீட்டு லயேஃபாவை முறைப்படி கேட்டு வந்திருக்கேன்."

"என்ன வேலை பார்க்கிறே?"

"அக்கவுண்டன்ட், ஐயா. போர்ட் ஹார்கோர்ட்ல ஒரு படகுக் கம்பெனில."

"வாத்தியார்னுல்ல சொன்னாங்க?"

"முன்னாடி வாத்தியார். இதே ஊர்ப் பள்ளிக்கூடத்துலதான்."

"அப்புறம் ஏன் விட்டே? பசங்க அடிச்சுட்டாங்களா?"

கூட்டம் சிரித்தது. அதில் பாதிப் பேர் இனாத்திமியிடம் படித்தவர்கள். அன்று வாய் திறக்கப் பயந்தவர்களெல்லாம் இன்று பல்லைக் காட்டினார்கள்.

"சம்பளம் ஒழுங்கா வரல, ஐயா. ஒரு மழைக்காலம் முழுக்க, பிள்ளைங்களைப் பெத்தவங்க கொடுத்த மீனை வச்சுத்தான் வயித்தைக் கழுவினேன். ஆத்துத் தண்ணி வகுப்புக்குள்ள வந்தப்பகூட, பசங்களை மேஜை மேல ஏத்திவிட்டுப் பாடம் நடத்தினேன். ஆனா எத்தனை நாளைக்கு மீனையே சம்பளமா வாங்கறது? அதான் அக்கவுண்ட்ஸ் பரீட்சைக்குப் படிச்சேன்."

"ஒரே தடவையில பாஸா?"

இனாத்திமி தரையைப் பார்த்தார். "நாலாவது தடவை."

"கேட்டுக்குங்க! ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஃபெயில் போட்ட மகராசன்!" அயாகேமே தடியால் தரையைத் தட்டினார். "வேலையை மாத்தினவன் நாளைக்குப் பொண்டாட்டியையும் மாத்த மாட்டான்னு என்ன நிச்சயம்?"

ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். சந்தைக்கடை தோற்றது.

"அமைதி!"

இனாத்திமியின் குரல்தான். அடுத்த நொடி கூடம் கப்சிப். தொந்தி பெருத்த இரண்டு பேர் தங்களை அறியாமல் வாயில் விரலை வைத்துக்கொண்டார்கள். மாமாவே பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார்.

"மன்னிச்சுக்குங்க, ஐயா. பழக்கதோஷம்."

"என் வீட்டுக்குள்ளேயே என்னை அடக்குறியா?"

நிலைமை கைமீறிப் போவதைப் பார்த்த இனாத்திமியின் தம்பி, அவசர அவசரமாக ஜின் பாட்டில்களையும் துணி மூட்டையையும் கொண்டுவந்து மாமாவின் காலடியில் வைத்தான். மாமா ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது. அந்த நல்ல நேரத்தில்தான் இனாத்திமியின் கை சட்டைப் பைக்குள் போய், ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்தது.

"ஒரு சின்னக் கையெழுத்து, ஐயா. பொருள் வந்து சேர்ந்ததுக்கு."

அயாகேமே எழுந்தே விட்டார். "பொண்ணுக்கு ரசீதா? பிடிக்கலேன்னா திருப்பிக் கொடுப்பியோ? எடுத்துட்டுப் போடா உன் பாட்டிலை!"

"முதல்ல அந்தப் பேப்பரை உள்ளே வைங்க!" என்று திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் சீறியது. லயேஃபாதான்.

"அடியம்மா, தாரை வார்க்கிறதுக்கு முன்னாடியே அதட்டுறாளே!" என்று உள்ளேயிருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

இனாத்திமி தாளைக் கசக்கிப் பைக்குள் திணித்தார்.

"எனக்குப் பேசத் தெரியாது, ஐயா. பரீட்சையில தோத்துத் தோத்து வந்தப்ப ஊரே சிரிச்சுது. அவ ஒருத்திதான் சிரிக்கல. 'அடுத்த தடவை பார்த்துக்கலாம்'னு சோறு போட்டா. அவளை உங்க கையால வாங்கிக்கணும். இத்தனை நாளும் எனக்கு இருந்த ஒரே குறை அதுதான்."

மாமா தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு மூக்கை உறிஞ்சியபடி, "பொண்ணை வரச் சொல்லுங்க" என்றார்.

கழுத்து நிறையப் பவழத்தோடு லயேஃபா வந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை. வெட்கம் நிஜமாகவே பிடுங்கித் தின்றது.

"இந்த ஆளு கொண்டுவந்த ஜின்னை நாங்க குடிக்கலாமா? குடிச்சா அப்புறம் பின்வாங்க முடியாது."

லயேஃபா மெல்லத் தலையை நிமிர்த்தி இனாத்திமியை மேலும் கீழும் பார்த்தாள். "யோசிச்சுச் சொல்றேன், மாமா."

"லயேஃபா! நேரம் ஆகுது!" இனாத்திமி அலறினார்.

"சரி, குடிங்க மாமா. இவரை விட்டா எனக்கும்தான் வேற யார் இருக்கா?"

அயாகேமே முன்னோர்களுக்காகத் தரையில் கொஞ்சம் ஊற்றிவிட்டு, மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்தார். லயேஃபாவின் கையை எடுத்து இனாத்திமியின் கையில் வைத்தார். மேளம் அதிர்ந்தது. அத்தனை பேர் முன்னால் இனாத்திமி தேம்பித் தேம்பி அழுதார்.

அப்போது, உச்சி முதல் உள்ளங்கால்வரை மணப்பெண் அலங்காரத்தில் இருந்த இளம்பெண் ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து இடுப்பில் கை வைத்தாள்.

"உங்க கல்யாணம் முடிஞ்சுதுன்னா சீக்கிரம் கண்ணைத் துடைங்கப்பா! அம்மாவை முறைப்படி கட்டாதவன் மகளைக் கட்டிக் கொடுக்க முடியாதுன்னு இந்தத் தாத்தா பிடிச்ச பிடிவாதத்துல, என்னைப் பொண்ணு கேட்டு வந்தவங்க காலையிலேர்ந்து ஆத்தங்கரையில வெயில்ல காயறாங்க!"