ஓடக்கூடாத ஆட்டம்

"ஓடினதுக்காகவா உன்னை வெளியே அனுப்பினாங்க?" என்று கேட்டார் மனைவி மோரீன்.

டெனிஸ் குனிந்து பூட்ஸைக் கழற்றினார். எழுபத்தொரு வயது மனிதரைக் கால்பந்து மைதானத்திலிருந்து துரத்த எத்தனையோ காரணம் இருக்கலாம், ஓடினார் என்பது கொஞ்சம் அநியாயம்தான். ஆனால் அவர் ஆடியது நடைக் கால்பந்து. அறுபதைத் தாண்டியவர்களுக்கான ஆட்டம். பந்தின் பின்னால் நடக்கத்தான் வேண்டும், ஓடினால் தப்பு. இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி ஊரில் செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு டஜன் கிழவர்கள் இதை உலகக் கோப்பை போல ஆடிக்கொண்டிருந்தார்கள்.

இந்த வாரம் அரையிறுதி. கடைசி நிமிடத்தில் பந்து தனியாக உருண்டு போவதை டெனிஸ் பார்த்தார். அவ்வளவுதான், தலை தெறிக்க முப்பது கஜம் ஓடிவிட்டார். நடுவர் கார்டைக் காட்டி வெளியேற்றினார். எதிரணிக்கு ஃப்ரீ கிக், அதில் ஒரு கோல், கோப்பை போயே போச்சு.

மோரீன் இரண்டு நிமிடம் விடாமல் சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தினார்.

"இரு, இரு. நிஜமாவே ஓடினியா? அந்த முட்டியை வச்சுக்கிட்டா?"

"ஏதோ ஓடிட்டேன். விடேன்."

"எப்படி விடறது? ஆறு மாசமா ராத்திரி ராத்திரி தைலம் தேய்ச்ச கை இது."

சாயங்காலத்துக்குள் மோரீன் தன் தோழிகள் அத்தனை பேருக்கும் போன் போட்டுவிட்டார். டெனிஸுக்கு உடம்பெல்லாம் கூசியது. படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நார்மனை நினைத்தால்தான் இன்னும் அவமானமாக இருந்தது. நார்மன் அணியின் கோல்கீப்பர். ஊர் அணியின் மைதானத்தில் முப்பது வருடமாக டெனிஸுக்குப் பக்கத்து இருக்கைக்காரர். நடந்து பழகினால் முட்டி சரியாகிவிடும் என்று இந்த ஆட்டத்தில் சேர்த்துவிட்டு, முதல் வருடச் சந்தாவையும் கட்டியவர் அவர்தான். ஓடி முடித்துத் திரும்பியபோது நார்மன் கோல் கம்பத்தருகே வாயைப் பிளந்து நின்றதை டெனிஸ் பார்த்தார். கை கூடக் குலுக்காமல் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

தினமும் காலை எட்டு மணிக்கு நார்மன் வருவார். அவருடைய நாய் ரோஸி ஆறு மாதம் முன்பு வண்டியில் அடிபட்டு இறந்த பிறகு, இவர்களுடைய நாய் பிஸ்கட்டோடுதான் கால்வாய்க்கரையில் நடப்பார், அதற்குப் பந்து வீசுவார். புதன்கிழமை டெனிஸ் ஆறரைக்கே பிஸ்கட்டை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எட்டு மணிக்கு வந்த நார்மனுக்கு மோரீன் டீ கொடுத்து அனுப்பினார்.

வியாழக்கிழமை பப்பில் டோமினோ ஆட்டம். நண்பர்கள் நீச்சல் குளத்திலிருந்து 'ஓடாதீர்கள்' என்ற பலகையைக் கொண்டுவந்து டெனிஸின் நாற்காலியில் மாட்டியிருந்தார்கள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நார்மன் மட்டும் வரவில்லை, ஏதோ வேலையாக லீட்ஸுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அந்த மட்டில் தப்பித்தோம் என்று டெனிஸ் நினைத்தார். நினைத்ததற்கும் வெட்கப்பட்டார். அரை கிளாஸ் பீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

வெள்ளிக்கிழமை நார்மன் மூன்று முறை போன் செய்தார். டெனிஸ் எடுக்கவில்லை.

சனிக்கிழமை ஊர் அணி சொந்த மைதானத்தில் ஆடும் சீசனின் கடைசி ஆட்டம். தான் போகப்போவதில்லை என்று டெனிஸ் சொன்னபோது மோரீன் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"கல்யாண நாளைக்கூட மறந்திருக்கே, ஆட்டத்தை மறந்ததில்ல. என்னதான் ஆச்சு உனக்கு? போனது ஒரு கிழவங்க கப்பு. அதுக்கா வீட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கறே?"

"நார்மன் மூஞ்சில முழிக்க முடியாது, மோரீன்."

"அவன் என்ன உன்னைக் கடிச்சா திங்கப் போறான்?"

வாசல் மணி அடித்தது. மோரீன் கண்ணாலேயே அதட்டினார். வேறு வழியில்லாமல் டெனிஸே போய்க் கதவைத் திறந்தார்.

கழுத்தில் அணியின் சிவப்பு மஃப்ளரோடு நார்மன் நின்றார். கோட்டுக்குள்ளிருந்து ஒரு பழுப்பு நிற நாய்க்குட்டி தலையை நீட்டியது.

"மன்னிச்சுக்கோடா. நான் ஓடியிருக்கக் கூடாது," என்றார் டெனிஸ்.

"கப்பு கிடக்குது, விடு. மூணு நாளா உன்னைப் பிடிக்க அலையறேன், நீ என்னடான்னா ஒளிஞ்சு விளையாடறே." நார்மன் குட்டியைக் கீழே இறக்கிவிட்டார். "இது லீட்ஸ்ல வாங்கினது. அடுத்த வாரம் எனக்கு இடுப்புல ஆபரேஷன். ஆறு வாரம் நாயைக் கூட்டிட்டு நடக்கக் கூடாதாம். யாரு பாத்துக்குவாங்கன்னுதான் இத்தனை நாள் குட்டியே வாங்காம இருந்தேன். செவ்வாக்கிழமை நீ ஓடினதைப் பாத்தேன் பாரு, மறுநாளே குட்டி விக்கிறவங்களுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன்."

நாய்க்கயிற்றை டெனிஸின் கையில் வைத்து, விரல்களை அவரே மடக்கிவிட்டார்.

"எனக்குக் காய்ச்சல்னு நீ ரோஸியைக் கூட்டிட்டுப் போன அன்னிக்கு, அது ரோட்டுல பாய்ஞ்ச நேரம் பாத்து உன் முட்டி பூட்டிக்கிச்சு. நீ என்ன பண்ணுவே? அதையே நினைச்சு நீ மருகறது எனக்குத் தெரியாதா? இப்பத்தான் முட்டி சரியாயிடுச்சே. இனிமே ஒரு நாயும் உன் கையை விட்டு ஓடாது."

டெனிஸ் தலையாட்டினார்.

ரோஸி ஓடிய அன்றைக்கு அவர் முட்டிக்கு ஒன்றுமே ஆகவில்லை. கைபேசியில் ஊர் அணிக்குக் கிடைத்த பெனால்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கயிறு கையிலிருந்து நழுவியது தெரிந்தும், கோல் விழுந்ததா என்று பார்த்த பிறகுதான் தலையைத் தூக்கினார்.