பிதுக்கி வைத்த மாத்திரைகள்

சோறு பிசைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"எத்தனை மாத்திரையப் பிதுக்கிக் குடுத்த?"

"ஒரு மாசத்துக்குள்ளதையும்க்கா," என்றான் லிங்கதுரை.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் பின்னறை. டாக்டர், மருந்து கொடுக்கும் அவள், வீடு வீடாகப் போகும் பிசியோதெரபிஸ்ட் லிங்கதுரை, மூவருக்கும் ஒரே மேசை. யார் வீட்டுக் குழம்பு யார் தட்டில் என்று யாரும் பார்ப்பதில்லை.

இன்று காலை அவன் உப்பளத் தெருவுக்குப் போயிருந்தான். சூசைமாணிக்கத்தின் விரல்களைப் பிடித்துப் பார்த்தான். இரண்டு கையிலும் விரல்கள் மடங்கவில்லை. அலமாரியில் மாத்திரை அட்டைகள் கிடந்தன. மூன்று மாதத்து அட்டைகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

முப்பது வருடம் உப்பு வாரிய மனிதர். தனி ஆள். ஒரு மாத்திரையைப் பிதுக்கத் தெம்பில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வார்?

லிங்கதுரை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

"மதியம் சாப்பிடுததுக்கு முன்னால போட்டுக்கிடுங்கன்னு சொல்லிருக்கேன்."

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. டாக்டரும் சபாஷ் என்றார்.

அவளுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

சர்க்கரை குறையவில்லை என்று முதல் மாதம் டாக்டர் மருந்தைக் கூட்டினார். அடுத்த மாதம் மறுபடியும். போன வாரம் இன்னொரு தடவை. வாயைக் கட்டுவதே இல்லை என்று ஒவ்வொரு தடவையும் நல்ல ஏச்சு. சூசைமாணிக்கம் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். கூட்டிய மாத்திரையை எடுத்துக் கொடுத்தது அவள்தான்.

அரை மாத்திரையில் ஆரம்பித்தது. இப்போது வேளைக்கு இரண்டு.

அதில் ஒன்றுகூட அவர் உடம்புக்குள் போனதில்லை. இன்றைக்குத்தான் முதன்முதலாகப் போகப்போகிறது. போனால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி ஆளைச் சாய்த்துவிடும்.

"மேடம், அவரு இதுவரைக்கும் மருந்தே சாப்பிடல. நாம கூட்டினதெல்லாம்..."

அவள் முடிப்பதற்குள் டாக்டர் எழுந்துவிட்டார்.

சூசைமாணிக்கத்திடம் போன் கிடையாது. மணி ஒன்றரை.

புதன்கிழமை. தடுப்பூசி நாள். கிராம நர்ஸ் சந்தனமாரி அக்கா உப்பளத் தெரு அங்கன்வாடியில்தான் இருப்பார்.

எழுந்து இடது கையால் போனை எடுத்தாள்.

"அக்கா, ஊசிய அப்படியே வச்சிட்டு சூசைமாணிக்கம் அண்ணன் வீட்டுக்கு ஓடுங்க. சர்க்கரை மாத்திரையப் போட விட்டுராதீங்க."

ஏன், எதற்கு என்று அக்கா கேட்கவில்லை. செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

லிங்கதுரையின் முகம் வெளுத்திருந்தது.

"பிரிக்காத அட்டை உன் கண்ணுலயாவது பட்டுச்சே," என்றார் டாக்டர்.

பிறகு போனில் அக்காவின் மூச்சு வாங்கும் குரல்.

"உலை இப்பதான் கொதிக்கு. சோறு வெந்ததும் போடலாம்னு ரெண்டையும் எடுத்து வச்சிருந்தாரு. நான் வாங்கிட்டேன்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை நிம்மதி அவளுக்கு இந்த அறையில் வாய்த்ததில்லை.

நாளைக் காலை ரத்தம் பார்த்துவிட்டு, அரை மாத்திரையிலிருந்து மறுபடியும் தொடங்கலாம் என்றார் டாக்டர். நானே பிதுக்கி, பாதியாக வெட்டி, வாராவாரம் அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன் என்றாள் அவள். விரல்களுக்குத் தினமும் பயிற்சி கொடுக்கிறேன் என்று லிங்கதுரை மெல்லச் சொன்னான்.

சந்தனமாரி இன்னும் போனில் இருந்தார்.

"ஒண்ணு கேக்காரு. இதுக்கும் டாக்டரம்மா ஏசுவாங்களான்னு."



டாக்டர் கையை நீட்டிப் போனை வாங்கினார். சூசைமாணிக்கத்திடம் கொடுக்கச் சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போனார்.

"அண்ணே," என்றது மட்டும் உள்ளே கேட்டது.

அவர் திரும்பி வர வெகுநேரம் ஆனது. அதுவரை இரண்டு பேரும் சோற்றில் கை வைக்கவில்லை.