பெயர் போடாத பார்சல்

பார்சலைப் பிரித்ததும் பல் செட்காரருக்குக் குப்பென்று வியர்த்தது.

உள்ளே பதினோரு பழைய கேசட்டுகள். பதினொன்றும் ஒரே நாளில் ஒரே அரங்கத்தில் நடந்த ஒரே ராக் கச்சேரி. லேபிள்களில் மட்டும் பதினோரு விதமான கையெழுத்து. அதில் ஒன்று அவருடையது.

அனுப்பியவர் பெயர் இல்லை.

பகலெல்லாம் பல் செட் செய்வது அவர் தொழில். மிச்ச நேரத்துக்கு வேறொரு பைத்தியம். அந்தக் காலத்து ராக் கச்சேரிகளைக் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து ரசிகர்கள் திருட்டுத்தனமாகப் பதிவு செய்த கேசட்டுகளைத் தேடி வாங்குவார். கம்ப்யூட்டரில் ஏற்றி, இரைச்சலை நீக்கி, இணையத்தில் இலவசமாகப் போடுவார்.

மாடி வீட்டிலிருந்த அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளைப் பார்த்தாள். "டேய், இது உன் கோழிக் கிறுக்கல் இல்ல?"

"நம்மளோடதுதான். அன்னைக்கு அந்தக் கழுகு மூக்கன் பிடுங்கினது."

நாற்பது வருஷத்துக் கோபம் அது. கல்லூரியில் படிக்கும்போது இருவரும் அந்தக் கச்சேரிக்குப் போனார்கள். அக்காவின் தோள்பையில் ரெக்கார்டர். எல்லாம் நல்லபடியாக முடிந்து அரங்கத்தை விட்டு வெளியே வரும்போது, கதவருகே நின்ற காவலாளி ஒரு வார்த்தை பேசாமல் பைக்குள் கையை விட்டான். கேசட்டை உருவிக்கொண்டு இருவரையும் முதுகில் கை வைத்துத் தள்ளினான். அக்கா படியில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள்.

இந்தக் கதையைத் தன் இணையப் பக்கத்தில் 'கழுகு மூக்குத் திருடன்' என்ற தலைப்பில் விலாவாரியாக எழுதியிருந்தார். படித்தவர்கள் எல்லாரும் அந்தக் காவலாளியைத் திட்டித் தீர்த்திருந்தார்கள்.

"நம்மகிட்ட மட்டுமா, பதினோரு பேர்கிட்ட வழிப்பறி பண்ணியிருக்கான்" என்றாள் அக்கா. "இப்போ எதுக்கு அனுப்பறான்?"

"மனசு உறுத்தியிருக்கும்."

"உறுத்தறவன் பேர் போட்டு அனுப்புவான். திருட்டுச் சரக்கை உன் தலையில கட்டிட்டு நழுவப் பார்க்கறான். நாளைக்கு எவனாவது 'என் கேசட் உன்கிட்ட எப்படி வந்துச்சு'ன்னு கேட்டா நீதான் முழிப்பே."

அவர் பார்சல் அட்டையை எடுத்துக்கொண்டு விசாரிக்கக் கிளம்பினார்.

பார்சல் ஆபீஸ் பெண்ணுக்கு ஆளை நன்றாக நினைவிருந்தது. "கைத்தடி ஊன்றிக்கிட்டு வந்தார். பின் தெருவுல, சலவைக் கடைக்கு மேல்மாடி."

அன்று மாலையே இருவரும் படியேறினார்கள். கதவு சங்கிலி போட்டபடி அரை அடி திறந்தது. முதலில் தெரிந்தது மூக்குதான்.

"யாரு?"

"கேசட் விஷயமா வந்திருக்கோம்."

அந்தக் கிழவர் கொஞ்ச நேரம் இருவரையும் உற்றுப் பார்த்தார். பிறகு சங்கிலியைக் கழற்றினார்.

ஒரு கட்டில், ஒரு மேசை, இரண்டு நாற்காலி. பல் செட்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். டேப் ரெக்கார்டர் இல்லை. ரேடியோகூட இல்லை. கேட்பதற்கு இல்லையென்றால் எதற்குத்தான் பிடுங்கினான்? சந்தேகம் இன்னும் கூடியது.

அக்கா உட்காரவில்லை. "பேரைப் போடாம அனுப்பினா கண்டுபிடிக்க மாட்டோம்னு நெனச்சீங்களா?"

"போட்டிருந்தா பிரிக்காமலே திருப்பி அனுப்பியிருப்பீங்க." கிழவர் பல் செட்காரரைப் பார்த்தார். "நீங்க எழுதினதைப் பேத்தி படிச்சுக் காட்டினா. மூக்கைப் பத்தி எழுதினது சரிதான்."

பல் செட்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா குனியவில்லை.

"அப்போ எழுதினதுல என்ன தப்பு? பிடுங்கினது பொய்யா?"

"பிடுங்கினேன். உள்ளே வரும்போதே பிடுங்கணும்னுதான் உத்தரவு. உங்க பையில மெஷின் இருந்ததை அப்பவே பார்த்தேன். காலேஜ் பசங்க, ஆசைப்பட்டு வர்றீங்க. பார்க்காத மாதிரி விட்டுட்டேன்."

"அப்புறம் ஏன் வெளியே வரும்போது..."

"பாதிக் கச்சேரியில குழுவோட மேனேஜருக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு. வெளி கேட்டுல அவர் ஆளுங்க நின்னாங்க. ஒவ்வொரு பையா கொட்டி, கேசட் இருந்தா அங்கேயே பூட்ஸ் காலால மிதிச்சு உடைச்சாங்க. அவங்ககிட்ட போறதுக்கு முன்னாடி எனக்குக் கிடைச்சதை எல்லாம் எடுத்து என் கோட்டுக்குள்ள போட்டுக்கிட்டேன்."

அக்கா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். "வெளி கேட்டுல என் பையைக் கொட்டினாங்கடா. தரையெல்லாம் மத்தவங்க கேசட் நாடா சுருள் சுருளா கிடந்துச்சு. அவங்களும் இவரோட ஆளுங்கன்னுதானே நெனச்சோம்."

"திருப்பிக் கொடுக்கலாம்னா லேபிள்ல ஒருத்தர் பேரும் இல்ல" என்றார் கிழவர். "மத்த பத்துப் பேரும் உங்க பக்கத்தைப் பார்த்தாலும் பார்ப்பாங்க. அவங்க கேசட்டை அவங்ககிட்ட சேர்த்துடுங்க, தம்பி. என்னைப் பத்தி எழுதினதை மாத்த வேண்டாம்."

அக்காதான் கேட்டாள். குரல் இறங்கியிருந்தது.

"எங்களைத் தள்ளிவிடாம, விஷயத்தை ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"ஒவ்வொருத்தருக்கும் சொல்லிக்கிட்டு நின்னிருந்தா, உங்க ஒரு கேசட்டோட முடிஞ்சிருக்கும்மா. உங்களுக்குப் பின்னால வந்தவங்களோடதெல்லாம் நொறுங்கியிருக்கும்."